நேற்றுக்காக ஒரு பூசைக் கருத்து

உபதேசியார் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குப் பழைய ஆள் ஒருவர் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சொல்கிறேன். செபம் சொல்லிக் கொடுப்பது, ஞானஸ்நான வகுப்பு எடுப்பது, நோயாளி வீட்டில் எப்படி உட்காருவது எல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதையே நானும் திரும்பச் சொன்னால் நீங்கள் போனைத் தடவத் தொடங்கிவிடுவீர்கள். வெள்ளவத்தையில் என் மகள் வீட்டுப் பிள்ளைகள் அப்படித்தான் செய்கிறார்கள், அவர்களையும் நான் குறை சொல்வதில்லை.

நான் சொல்லப்போவது பூசைக் கருத்து வாசிப்பதைப் பற்றி. உங்களில் சிலர் அண்மையில்தான் திருச்சபைக்கு வந்தவர்கள் என்று கேள்விப்பட்டேன், அதனால் அடியிலிருந்தே சொல்லிவிடுகிறேன். இன்னாருக்காக இந்தப் பூசையில் மன்றாடுங்கள் என்று வீட்டார் வந்து கேட்பதுதான் கருத்து. பூசை தொடங்குமுன் உபதேசியார் அவற்றைச் சனத்துக்கு வாசிப்பார். முதலில் உயிரோடு இருப்பவர்கள்: சோதனை எழுதும் பிள்ளை, விசாவுக்குக் காத்திருக்கும் மகன், ஒப்பரேஷனுக்குப் போகும் தாய். பிறகு இறந்தவர்கள், அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. இதில் என்ன இருக்கிறது, இரண்டு நிமிட வேலை என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என்னைக் கொட்டாஞ்சேனையில் வேலைக்கு எடுத்த பங்குச் சுவாமியார் கொஞ்சம் கடுகடுப்பான மனிதர். முதல் நாள் நான் வாசித்து முடித்ததும் உள்ளே கூப்பிட்டார்.

“உயிரோட இருக்கிறவையையும் செத்தவையையும் ஒரே மூச்சிலை வாசியாதையும். நடுவிலை நிப்பாட்டும்.”

அவருக்கு ஆஸ்துமா. படியேறினாலே மூச்சு வாங்கும். அதனால் எல்லோருக்கும் மூச்சு முட்டும் என்று நினைக்கிறார் போலும் என்று எண்ணிக்கொண்டு, சரி சுவாமி என்றேன். இன்னொன்றும் சொன்னார். அந்த யுத்த வருடங்களில் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத ஆட்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். அவர்களை எதில் வாசிப்பது என்று நான் கேட்டேன்.

“தெரியாதவையை உயிரோட இருக்கிறவையோட வாசியும்,” என்றார். “தெரியும் வரைக்கும் அவையள் அங்கைதான்.”

இது ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார். கொஞ்ச நாளில் அவர் வேறு பங்குக்கு மாறிப் போய்விட்டார்.

டொமினிக்கையும் சாரதாவையும் நான் முதலில் கண்டது திருமண ஆயத்த வகுப்பில். கோயிலுக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் வகுப்பு. டொமினிக் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். தகப்பன் காலத்தில் வடக்கிலிருந்து வந்து துறைமுகத்தோடு ஒட்டிக்கொண்ட குடும்பம். சாரதா வெள்ளவத்தைப் பெண், சைவக் குடும்பம். மதம் மாறச் சொல்லி டொமினிக் கேட்கவில்லை, அவரும் மாறவில்லை. வெள்ளிக்கிழமை சைவக் கோயிலில் கற்பூரம், ஞாயிற்றுக்கிழமை இங்கே பூசை என்று கடைசிவரை இரண்டையும் கைவிடாமல் வைத்திருந்தார்.

கிரேன் ஓட்டுபவர்களிடம் ஒரு சங்கடம் உண்டு. ஒரு கப்பலுக்கும் அடுத்த கப்பலுக்கும் நடுவில் தன்னந்தனியே உயரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். யோசிக்க நேரம் கிடைத்துவிடும். கடவுள் எல்லாம் வல்லவர் என்ற பாடத்தை நான் எடுத்துக்கொண்டிருந்தபோது டொமினிக் கையைத் தூக்கினார்.

“உபதேசியார், கடவுளாலை தூக்கேலாத ஒரு பாரத்தைக் கடவுளாலை செய்யேலுமோ? ஏலும் எண்டாலும் மாட்டினீங்கள். ஏலாது எண்டாலும் மாட்டினீங்கள்.”

வகுப்பு சிரித்தது. எனக்கு அப்போது இளவயது, புத்தகங்கள் கொஞ்சம் படித்திருந்தேன், இப்படி ஒரு கேள்வி வராதா என்று காத்திருந்தவன். எதையும் தூக்கக்கூடியவர் தூக்க முடியாத பாரம் என்பது, நாலு மூலையுள்ள வட்டம் என்பதைப் போல என்று சொன்னேன். சொற்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கிறோமே தவிர, அங்கே பாரம் என்று ஒன்றுமில்லை. இல்லாத ஒன்றைச் செய்யவில்லை என்பதற்காகக் கடவுளுக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

டொமினிக் யோசித்தார். “அப்ப வேறை என்ன ஏலாது அவராலை?”

“நடந்ததை நடக்காததாக்க ஏலாது. நேற்று மழை பெய்தது எண்டால் பெய்ததுதான். ஒரே மழை பெய்ததாயும் பெய்யாததாயும் இருக்கேலாது.”

“பெட்டி விழுந்தா விழுந்ததுதான் எண்டுறீங்கள். வேறை பெட்டி இறக்கலாம். ஆனா இந்தப் பெட்டி விழேல்லை எண்டு ஆக்கேலாது.”

“ஓம். அதுதான்.”

பக்கத்தில் இருந்த சாரதா அப்போதுதான் வாயைத் திறந்தார். “செத்தவரை எழுப்பினவர் எண்டு போன கிழமை படிப்பிச்சனீங்களே.”

“எழுப்பினவர்தான் பிள்ளை. எழும்பினது பிறகு நடந்தது. அவர் செத்துக் கிடந்த நாள் செத்துக் கிடந்த நாள்தான். அது அழியேல்லை.” அதோடு நிறுத்தாமல், வகுப்பு என் கையில் இருக்கிற உற்சாகத்தில், கடவுளுக்கு நேற்று, இன்று, நாளை என்று கிடையாது, எல்லாம் அவர் முன்னால் ஒரே நேரத்தில் இருக்கிறது என்றும் விளக்கினேன்.

டொமினிக்குக்கு என் விடை பிடித்துப்போயிற்று. துறைமுகக் கன்ரீனில் அதை எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார் என்று கேள்விப்பட்டேன். நான் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. இன்றைக்கும் கேட்டால் அதையே சொல்வேன். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், விடை பிழையாக இருந்திருந்தால் பின்னால் வந்த கஷ்டம் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை. நிமலன் என்று பெயர் வைத்து, நிமல் என்று கூப்பிட்டார்கள். கொழும்பில் ஆமிக்காரர் சென்றிப் பொயின்ரில் மறித்துச் சோதித்தால் சிங்களப் பிள்ளை என்று நினைத்து விட்டுவிடுவார்கள் என்று யோசித்து வைத்த பெயர். அந்தக் காலத்தில் பெயர் வைப்பதற்கும் அப்படி யோசிக்க வேண்டியிருந்தது. பிள்ளை ஏ.எல். சோதனை எழுதி முடித்துவிட்டு, வெள்ளவத்தையில் கணக்கியல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். பின்னேரம் வகுப்பு விட்டால் காலி வீதியில் பஸ் ஏறி, புறக்கோட்டையில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து வீட்டுக்கு வருவான்.

ஒருநாள் பின்னேரம் புறக்கோட்டைப் பக்கம் ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்தது. வெடித்த கையோடு சுற்றிவளைப்பும் தொடங்கியது. புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை எங்கும் தமிழ்ப் பொடியன்களை ட்ரக்கில் ஏற்றினார்கள். நிமல் வீட்டுக்கு வரவில்லை.

மறுநாள் விடிய நான் கோயிலைத் திறக்கப் போனபோது டொமினிக் கேற்றடியில் நின்றார். சாரதா படியில் உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்ததும் டொமினிக் உள்ளே வரவில்லை. சாரதா மட்டும் என் பின்னாலேயே பூசை உடுப்பு வைக்கும் அறை வரைக்கும் வந்தார்.

“நிமலுக்கு ஒரு கருத்து வாசிக்க வேணும்.”

“வாசிக்கிறன் பிள்ளை. சுகமாய்த் திரும்பி வர வேணும் எண்டு.”

“அப்படி இல்லை. நேற்றுப் பின்னேரம் அவன் அந்த பஸ்ஸிலை ஏறாமல் இருந்திருக்க வேணும். பொலிஸ் அவனைப் பிடிச்சிருக்க வேணும். அப்படி வாசியுங்கோ.”

என் பிள்ளையைப் பொலிஸ் பிடித்திருக்க வேண்டும் என்று ஒரு தாய் பூசை கேட்டார். பொலிஸ் பிடிக்கக்கூடாது என்று பெயர் வைத்த தாய் அவர். வீட்டுக்கு வராத பிள்ளைக்கு அன்றைக்கு இரண்டே இடம்தான் இருந்தது, பஸ் அல்லது பொலிஸ் கூடு.

சாரதா தொடர்ந்தார். அழவில்லை. இரவு முழுக்க உட்கார்ந்து ஒழுங்குபடுத்தி வைத்ததைச் சொல்வது போலச் சொன்னார்.

“நடந்ததை மாத்தேலாது எண்டு நீங்கள் அண்டைக்குச் சொன்னனீங்கள். எனக்கு நினைவிருக்கு. நான் மாத்தச் சொல்லிக் கேக்கேல்லை. என்ன நடந்தது எண்டே எனக்குத் தெரியாது. கடவுளுக்கு நேற்றும் இண்டைக்கும் ஒண்டு எண்டும் நீங்கள்தான் சொன்னனீங்கள். அப்ப நான் இப்ப கேக்கிறது அவருக்கு நேற்றே கேட்டிருக்கும். கேட்டிருந்தா நேற்றே அவர் பிள்ளையை இறக்கி விட்டிருப்பார். இதிலை ஏதும் பிழை இருக்கோ?”

நான் பிழை தேடினேன். இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். ஒன்றுக்கொன்று முரணான எதையும் காணவில்லை. கடவுளைச் செய்ய முடியாததைச் செய்யும்படி அவர் கேட்கவில்லை. என்ன நடந்ததோ அதற்குள் தன் மன்றாட்டும் சேர்ந்திருக்கட்டும் என்றுதான் கேட்டார்.

“பிழை இல்லை. கேளுங்கோ,” என்றேன்.

“அப்ப இவரை மோச்சறிக்குப் போக விடாதேங்கோ. இவர் அங்கை போகத்தான் நிக்கிறார். பாத்தா முடிஞ்சுது. பாக்கும் வரைக்கும் கடவுளுக்கு இடம் இருக்கு.”

இங்கேதான் பிழை இருந்தது. நாம் பார்க்காமல் விட்டால் கடவுளுக்கு இடம் கூடுவதும் இல்லை, நாம் பார்த்துவிட்டால் குறைவதும் இல்லை. பிள்ளை எங்கே இருந்தானோ அங்கே இருந்தான். ஆனால் நேரம் போய்க்கொண்டிருந்தது. பொலிஸில் இருந்தால் கோயில் ஆள் ஒருவர் சீக்கிரம் போய்க் கேட்பது நல்லது, இல்லாவிட்டால் வேறெங்கும் கொண்டுபோய்விடுவார்கள். சவச்சாலையில் இருந்தால், யாரும் அடையாளம் காட்டாத உடல்களை அரசாங்கமே புதைத்துவிடும். எப்படிப் பார்த்தாலும் சும்மா இருக்க வழியில்லை. அதை அவரிடம் அப்போது சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

வெளியே வந்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்ற டொமினிக் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். முகம் கறுத்துப் போயிருந்தது.

“உபதேசியார், இண்டைக்குக் கேட்டா நேற்றைக்குக் கேக்கும் எண்டு அவளுக்குச் சொல்லுறீங்கள். நான் இரவு செபம் பண்ணேல்லை. ஒருக்காக்கூடப் பண்ணேல்லை. நீங்கள் சொன்னதை நம்பி, நடந்தது நடந்ததுதான், இனிக் கேட்டு என்ன எண்டு இருந்திட்டன். நான் கேட்டிருந்தா அவன் இறங்கியிருப்பானோ?”

பிள்ளைகளே, இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். ஒரே வீட்டில் இரண்டு பேர். தாய்க்கு நான் கொடுத்த விடை அவரை அன்றைக்குப் பிடித்து நிறுத்தியது. அதே விடை தகப்பனின் கழுத்தில் கயிறாக விழுந்தது. தகப்பனை விடுவிக்க, செபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னால், உள்ளே முழங்காலில் இருப்பவரிடமிருந்து அந்த ஒன்றையும் பறித்துவிடுவேன். எனக்குப் பயமாக இருந்தது. பூசைக்கு மணியடிக்கவும் நேரமாகிவிட்டது. எந்தப் புத்தகத்திலும் இந்த இடத்துக்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“இல்லை,” என்றேன். “நீர் கேக்கேல்லை எண்டதுக்காக அவர் பிள்ளையைக் கைவிடமாட்டார். வாரும், தேடிப் போவம். அதுதான் உம்மடை செபம்.”

“அது விடை இல்லை.”

“இல்லைத்தான். ஆனா வாரும்.”

கருத்து வாசிக்கும்போது நிமலனின் பெயரை உயிரோடு இருப்பவர்களோடு வாசித்தேன். பழைய சுவாமியாரின் சொல் அப்போது கைகொடுத்தது. சாரதா கேட்டபடியே முழுதாக வாசிக்கவில்லை, சனத்தின் முன்னால் அதை எப்படி வாசிப்பது? பெயரைச் சொல்லி, நேற்றைக்காகவும் இன்றைக்காகவும் என்று மட்டும் சேர்த்தேன். பிறகு சாரதாவிடம் போய், நாங்கள் பொலிஸுக்குப் போகிறோம், நீங்கள் இங்கேயே இருந்து மன்றாடுங்கள் என்றேன். பொலிஸில் இல்லாவிட்டால் எங்கே போவோம் என்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த இரண்டு பேரையும் ஒரே அறையில் வைத்து ஒரே விடையைச் சொல்லக்கூடாது என்பது மட்டும் எனக்கு விளங்கியிருந்தது.

ஒரு பொலிஸ் நிலையம் விட்டு இன்னொன்று. எங்கும் வாசலில் தாய்மார். எல்லோர் முகத்திலும் சாரதாவின் அதே மன்றாட்டுத்தான். உள்ளே சார்ஜன்ட் பெயரைக் கேட்பார், தாளைப் பார்ப்பார், “ஏ நமின் கவுருத் நே” என்று சிங்களத்தில் சொல்வார். அந்தப் பெயரில் இங்கே ஆள் இல்லை.

ஓர் இடத்தில் சார்ஜன்ட் தாளில் விரலை நிறுத்தினார். “நிமல், இன்னவா,” என்றார். இருக்கிறானாம். டொமினிக் என் கையைப் பிடித்த பிடியில் என் விரல்கள் நொந்தன. உள்ளே கொண்டுபோய் நிலத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவரைக் காட்டினார்கள். முப்பது வயது மதிக்கத்தக்க ஆள். நிமல்ராஜ். ஹற்றன் பக்கம் தோட்டத்திலிருந்து வந்து, புறக்கோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தேநீர் போடுபவர். எங்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தார்.

“ஐயா, வெளிய போனா நம்ம கடை முதலாளிகிட்ட கொஞ்சம் சொல்றீங்களா? ஊர்ல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா பயந்துக்குவாங்க.”

சொல்கிறோம் என்றேன். டொமினிக் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் தோளில் தட்டித்தான் வெளியே கூட்டிவந்தேன். வீதிக்கு வந்ததும் சொன்னார்.

“இவனுக்கு ஆரும் கேக்கேல்லை, உபதேசியார். இவன் பிடிபட்டதே வீட்டுக்குத் தெரியாது. இவன் இருக்கிறான்.”

“ஓம்.”

“அப்ப கேட்டதுக்கும் கிடைச்சதுக்கும் கணக்கு இல்லை.”

“எங்களுக்கு விளங்குற கணக்கு இல்லை,” என்றேன்.

அது அவருக்கு ஆறுதலா, அதைவிடப் பெரிய இருட்டா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு தன் செபத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. சாப்பாட்டுக் கடைக்குப் போய் முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னோம். அங்கிருந்து நடந்தே சவச்சாலைக்குப் போனோம்.

அதை விவரிக்க மாட்டேன். இடுப்புப் பட்டியை வைத்துத்தான் டொமினிக் அடையாளம் கண்டார். பிள்ளை மெலிந்த உடம்பு, பட்டியில் இருந்த துளைகள் போதாமல், தகப்பனே ஆணியைச் சூடாக்கி ஒரு துளை கூடுதலாகப் போட்டுக் கொடுத்திருந்தார். அந்தத் துளையில்தான் பட்டி மாட்டியிருந்தது. டொக்டர் நல்ல மனிதர். ஒரு நொடியில் முடிந்திருக்கும், ஒன்றும் தெரிந்திருக்காது என்று எங்களுக்குச் சொன்னார். எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பத்துக்கும் அதையேதான் சொன்னார்.

கோயிலுக்குத் திரும்பியபோது சாரதா காலையில் விட்ட இடத்திலேயே இருந்தார். பக்கத்தில் யாரோ கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறிப் போயிருந்தது. எங்கள் காலடி கேட்டுத் திரும்பிப் பார்த்தார். எங்களைப் பேச விடவில்லை.

“பாத்திட்டீங்களோ?”

“ஓம்,” என்றார் டொமினிக்.

“என்னத்துக்குப் பாத்தனீங்கள்?”

இத்தனை வருட வேலையில் எத்தனையோ சாவு வீடுகளுக்குப் போயிருக்கிறேன். எத்தனையோ அழுகை கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்வியைப் போல ஒன்றும் என்னை அடிக்கவில்லை.

அடக்கம் முடிந்து சில நாளில் சாரதா வெள்ளவத்தையில் தமையன் வீட்டுக்குப் போய்விட்டார். டொமினிக் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். பூசைக்கும் வரவில்லை, அங்கே சைவக் கோயிலுக்கும் போகவில்லை என்று கேள்விப்பட்டு ஒருநாள் போய்ப் பார்த்தேன். தமையனின் மனைவி நாற்காலி போட்டார். சாரதா எதிரில் இருந்தார்.

“கடவுளாலை ஏலாமல் இல்லை,” என்றார். “நீங்கள் விடேல்லை. இன்னும் கொஞ்சம் பாக்காமல் இருந்திருந்தா அவர் செய்திருப்பார்.”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? பார்ப்பதால் ஒன்றும் மாறுவதில்லை, சாரதா, உங்கள் யோசனையில் இந்த ஒரு இடம் மட்டும் பிழை என்று நான் விளக்கியிருக்கலாம். என்னிடம் விளக்கம் இருந்தது. ஆனால் அந்தப் பிழையை எடுத்துவிட்டால் அவர் கையில் மிஞ்சுவது என்ன என்று யோசித்தேன். கடவுளால் முடியும், கேட்டது அவருக்குக் கேட்டது, ஆனாலும் செய்யவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு அந்தத் தாய் எப்படி நாளைக் கழிப்பார்? கடவுளோடு கோபித்துக்கொள்வதைவிட டொமினிக்கோடும் என்னோடும் கோபித்துக்கொள்வது அவருக்குச் சுலபம். நாங்கள் தாங்கிக்கொள்வோம். அதனால் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். சரியாகத் தெரிந்த விடையைச் சொல்லாமல் வைத்திருப்பதற்கும் இந்த வேலையில் உங்களுக்குப் பழக்கம் வேண்டும். யாரும் அதற்கு உங்களைப் பாராட்ட மாட்டார்கள்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு டொமினிக் முன்னதாகவே வந்து, பூசை உடுப்பு அறையில் அன்றைக்கு சாரதா நின்ற அதே இடத்தில் நின்றார். வேலை உடுப்போடு வந்திருந்தார்.

“உபதேசியார், பஸ்ஸிலை ஏறாமல் இருந்திருக்க வேணும் எண்டு இனிக் கேக்கேலாது. அது தெரிஞ்சு போச்சு.”

“ஓம்.”

“ஆனா அந்த நேரம் அவன் பயந்தவனோ, எங்களைக் கூப்பிட்டவனோ, அது ஒருதருக்கும் தெரியாது. டொக்டருக்கும் தெரியாது. அவர் எல்லாருக்கும் அதைத்தான் சொல்லுறார். போய்ப் பாக்கவும் ஏலாது. ஒருக்காலும் ஏலாது.” வேலை உடுப்பின் கையால் முகத்தைத் துடைத்தார். “அப்ப அதைக் கேக்கலாமோ? பயப்படாமல் இருந்திருக்க வேணும் எண்டு. அதுக்கு இடம் இருக்கோ?”

ஒரு காலத்தில் கடவுளை ஒரு பாரத்தில் கட்டிப்போட்டு என்னை மடக்கப் பார்த்த மனிதர், ஒரு மன்றாட்டுக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டு என் முன்னால் நின்றார். நான் பழைய வழக்கத்தில் மனதுக்குள் சரிபார்த்தேன். முரண் ஏதும் இல்லை. இருந்திருந்தாலும் அன்றைக்கு நான் சொல்லியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

“இருக்கு. கேளும்.”

“எதிலை வாசிப்பீங்கள்? உயிரோட இருக்கிறவையிலையோ, செத்தவையிலையோ?”

அவன் இறந்தவன், அது சரி. ஆனால் டொமினிக் கேட்டது அவன் இன்னும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நேரத்துக்காக. அந்த நேரம் அவன் உயிரோடு இருந்தான்.

உயிரோடு இருப்பவர்களை வாசித்து முடித்தேன். நிறுத்தினேன். சத்தமாக ஒன்றும் சொல்லவில்லை. நிமலன், பயப்படாமல் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் மனதுக்குள் சொன்னேன். வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றிருப்பேன் போல, வாசிக்கும் இடத்தைத் தவறவிட்டேன் என்று நினைத்து முன்வரிசையில் ஒருவர் செருமினார். டொமினிக் கடைசித் தூணோடு தலையைக் குனிந்தபடி நின்றார். பிறகுதான் இறந்தவர்களை வாசித்தேன், அவன் பெயரை முதலாவதாக.

அன்று பின்னேரம் டொமினிக் வெள்ளவத்தைக்குப் போயிருக்கிறார். வாசலில் நின்றே, தான் இப்படிக் கேட்டதைச் சாரதாவிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் வந்து என்னிடம் சொன்னார்.

“‘அதை நான் அண்டைக்குக் காலமையே கேட்டிட்டன்’ எண்டு சொல்லுறாள், உபதேசியார். நாங்கள் பொலிஸுக்குப் போன உடனையாம்.”

சொல்லிவிட்டு டொமினிக் என் முகத்தைப் பார்த்தார். நாங்கள் தேடப் போன நேரத்திலேயே, பிள்ளை இறங்கியிருக்க வேண்டும் என்று கேட்ட அதே முழங்காலில், இறங்கவில்லை என்றால் பயப்படாமலாவது இருந்திருக்க வேண்டும் என்றும் அந்தத் தாய் கேட்டு வைத்திருக்கிறார். பார்க்க வேண்டாம் என்று சொன்னவருக்கு எங்கள் எல்லோரையும்விட முன்னமே தெரிந்திருக்கிறது.

சாரதா பூசைக்குத் திரும்பி வரவில்லை. டொமினிக் ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தைக்குப் போய், பின்னேரம் வரைக்கும் இருந்துவிட்டு வருவார். என்ன கதைப்பார்கள் என்று நான் கேட்டதில்லை.

உங்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உயிரோடு இருப்பவர்களையும் இறந்தவர்களையும் ஒரே மூச்சில் வாசிக்காதீர்கள். நடுவில் நிறுத்துங்கள். கோயிலில் யாராவது ஒருவர் அந்த நேரத்துக்காக வந்து நிற்பார், அவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்று சனம் கேட்டால், ஆஸ்துமா என்று சொல்லுங்கள். நான் ஓய்வு பெறும்வரை அப்படித்தான் சொன்னேன்.